பட்டாணியை ஒப்படைக்கும் படிவம்

பஸ் டிப்போவில் அவனுக்கு ‘டியூட்டி’ என்று பெயர். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது என்று தீர்மானிக்கிற நாற்காலியில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறான். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை, அவனும் சொல்லிக்கொண்டதில்லை. ஒரு டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு ஒரு மாற்று ஆள், அந்த மாற்று ஆள் வராவிட்டால் இன்னொரு மாற்று ஆள், அவரும் கம்பி நீட்டினால் மூன்றாவதாக ஒருவர் என்று அடுக்கி வைத்திருப்பான். நாளைக்கு உலகமே அழிந்தாலும் தன் டிப்போவிலிருந்து முதல் வண்டி நேரத்துக்குக் கிளம்பும் என்பது அவன் அடிக்கடி விடுகிற பீலா.

அப்படிப்பட்டவன் தன் முதல் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் இல்லை. அன்றைக்கென்று பார்த்து இரண்டு டிரைவர்கள் ஒரே வண்டிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் இரண்டு பேருமே கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவன் மாற்று ஆள் தேடி டெலிபோனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மகள் பிறந்து, அழுது, குளித்து, தூங்கியும் போய்விட்டாள். சாயங்காலம் போய் அசடு வழிய நின்றான். மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. அன்று திட்டாததை ஆறு வருஷமாகத் தவணை தவணையாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். அவளிடம் வருகிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பார்கள். எதிர்த்துப் பேசுவதற்கு வழியில்லை. அதனால் கணவன் பிரசவத்துக்கு வராத கதையை ஊரில் பாதிப் பேருக்கு நிதானமாகச் சொல்லி முடித்திருந்தாள். இவன் கடைத்தெருவில் நடந்தால் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கடைவாய்ப் பல் தெரிய இவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரண்டாவது உண்டானதும் அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

“இந்த ஆஸ்பத்திரியில புருஷனை உள்ள விடுவாங்களாம். நீங்க என் பக்கத்துல நிக்கணும், கையைப் பிடிச்சுக்கணும். இந்தத் தடவையும் வரலைன்னா நீங்க டிப்போவிலேயே ஏதாவது ஒரு வண்டிக்குள்ள குடித்தனம் பண்ணிக்கலாம்.”

“வரேம்மா. சத்தியமா வரேன்.”

“சத்தியம் எல்லாம் வேண்டாம். நான் உள்ள இருக்கும்போது பட்டாணியை யார்கிட்ட விடறதுன்னு மட்டும் பாருங்க. மத்ததை எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

பிள்ளை பெறுவதுதான் அந்த ‘மத்தது’. பட்டாணி என்பது மகள். பிறந்தபோது அவ்வளவு உருண்டையாக இருந்ததால் வந்த பெயர், ஒன்றாம் வகுப்புக்குப் போய் நெடுநெடுவென்று வளர்ந்த பிறகும் உதிரவில்லை.

மனைவி கொடுத்த ஒரே வேலையை டியூட்டி டிப்போ வழக்கப்படியே செய்தான். முதல் ஆள், அவனுடைய அக்கா. அவள் வீட்டில் செருப்புகூட வாசலில் மூச்சு விடாமல் வரிசையில் நிற்கும். அவள் வராவிட்டால் மாடி வீட்டு டெய்லரம்மா. அவரும் இல்லாவிட்டால் மனைவியின் அண்ணன். இந்த மூன்றாவது பெயரை எழுதும்போது அவனுக்கே சிரிப்பு வந்தது. மச்சான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், கல்யாணம் ஆகாதவர், இருபது வருஷமாகக் குளிர்ந்த பொருள்களோடு மட்டுமே புழங்குகிறவர். சூடான உயிர் எதையும் அவர் பத்து நிமிஷத்துக்கு மேல் பார்த்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. ஆனால் எந்த அட்டவணையிலும் மூன்றாவது ஆள் பேருக்குத்தான். பதினோரு வருஷத்தில் மூன்றாவது ஆள்வரை போனது நாலே நாலு முறை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. அவன் அடுத்ததாக ஒரு படிவமும் தயார் செய்தான். டிப்போவில் ஒரு டிரைவர் வண்டியை இன்னொருவரிடம் விட்டால் ஒரு தாளை நிரப்பிக் கொடுக்க வேண்டும். வண்டியின் நிலை, குறைகள், ஒப்படைத்தவர், பெற்றுக்கொண்டவர், திரும்ப எடுக்கும் நேரம். அந்தத் தாளில் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மகளைப் பற்றி எழுதினான். ‘குறைகள்’ என்ற இடத்தில் பேனா தன்னை மறந்து ஓடியது.

“பாலில் ஆடை மிதந்தால் அப்படியே நின்றுவிடும். காலையில் கிளம்பாது, இரண்டு மூன்று முறை தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் உள்ள நாளில் வயிற்றுவலி வரும், நம்ப வேண்டாம். பாத்ரூம் போய்விட்டேன் என்று சொல்லும், அதையும் நம்ப வேண்டாம். ஹாரன் ஓயாது.”

‘திரும்ப எடுக்கும் நேரம்’ என்ற இடத்தில் பேனாவை வைத்தான், யோசித்தான், எடுத்துவிட்டான். பிரசவம் எப்போது முடியும் என்று யாரைக் கேட்டு எழுதுவது?

மனைவி அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

“சிரிச்சது தப்புதான். இது அவ கண்ணுல படாம வைங்க. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.”

“அவ கூட்டி முடிக்கிறதுக்குள்ள உள்ள இருக்கிறது பொறந்து ஸ்கூலுக்கே போயிடும்.”

தான் பெற்ற பிள்ளையின் மூளையை இவ்வளவு துல்லியமாகத் தப்பாக எடைபோட அப்பாக்களால் மட்டுமே முடியும்.

டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, மனைவி மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். வகிடு பாதியில் நின்றது.

“ஏங்க, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு.”

“இன்னும் பதினோரு நாள் இருக்கே?”

“அதை உள்ள இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. எனக்கு டாக்ஸியைக் கூப்பிடுங்க.”

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று சொல்வதற்கில்லை, இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடின. டாக்ஸிக்குச் சொன்னான். அக்காவைக் கூப்பிட்டான். அவளுடைய பையன்கள் இரண்டு பேரும் காய்ச்சலில் கிடந்தார்கள். “இங்க கொண்டுவந்து விட்டா அவளும் படுத்துடுவாடா, அப்புறம் புதுக் குழந்தைக்கும் ஒட்டிக்கும்” என்றாள். நியாயம்தான். படி ஏறி ஓடினான். டெய்லரம்மா வீட்டில் பூட்டு தொங்கியது. அப்போதுதான் உறைத்தது. அவர் புதன்கிழமையே தங்கை ஊருக்குப் போகிறேன் என்று சொன்னார், இவனும் “நல்லபடியா போயிட்டு வாங்க” என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு போனான். மாற்று ஆள் நம்பர் இரண்டைத் தன் கையாலேயே வண்டியேற்றி அனுப்பிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான்.

மச்சானுக்குப் போன் போட்டான்.

“மாப்பிள்ளை, ஒரு பேக்கரி ஃப்ரிட்ஜுக்குள்ள தலையை விட்டிருக்கேன். அவசரமா?”

“ரொம்ப அவசரம் மச்சான்.”

பன்னிரண்டு நிமிஷத்தில் அவருடைய வேன் வாசலில் வந்து நின்றது. அக்காவும் இல்லை, டெய்லரம்மாவும் இல்லை, பட்டியலில் பேருக்கு இருந்த ஆள்தான் வந்து சேர்ந்தார். டாக்ஸியும் வந்துவிட்டது. மனைவி பின் சீட்டில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்த மாதிரி மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பட்டாணி பாதி வாரிய தலையோடு, இரண்டு கவுனும் ஒரு டூத் பிரஷ்ஷும் அடைத்த ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே சமர்த்தாக நின்றாள். மகளை வேனில் ஏற்றிவிட்டு இவன் டாக்ஸியில் ஏற வேண்டியதுதான் பாக்கி.

பழக்கம் யாரை விட்டது? கையெழுத்து வாங்காமல் பதினோரு வருஷத்தில் ஒரு வண்டியைக்கூட அவன் வெளியே விட்டதில்லை. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

“மச்சான், இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

காலமெல்லாம் இரைகிற மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று பேசிய மனிதருக்கு மெதுவாகப் படிக்க வராது. “பாலில் ஆடை மிதந்தால் அப்படியே நின்றுவிடும்!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். ஹாரன் வரைக்கும் வந்து விழுந்து விழுந்து சிரித்தார். டாக்ஸிக்காரரும் கழுத்தைத் திருப்பிச் சிரித்தார். பட்டாணி மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். மச்சான் எதையும் யோசித்துச் செய்கிற ஜாதி இல்லை, கொடுத்துவிட்டார்.

அவள் விரலை வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தாள். டியூட்டி எதிர்பார்த்ததைவிட வெகு வேகமாகவே வந்தாள்.

“இது நானாப்பா?”

“சும்மா விளையாட்டுக்குடா செல்லம். குடு இப்படி.”

“டிப்போல நிறைய குறை இருக்கிற வண்டியை என்ன பண்ணுவீங்க?”

அவனுக்குப் பதில் தெரியும். அவளுக்கும் தெரியும். போன லீவில் ஒரு வாரம் அவன் மேஜைக்கு அடியில் கிரேயானோடு உட்கார்ந்திருந்தாள். அந்த வாரம் மூன்று புது பஸ்கள் வந்தன. அவன் தாள்களைப் புரட்டி, குறைகள் அதிகமாக இருந்த மூன்று வண்டிகளை ஷெட்டின் பின்பக்கம் தள்ளச் சொன்னான். ஏன் என்று அவள் கேட்டதற்கு, “புதுசு வந்துடுச்சே, பழசு இனிமே எதுக்கு?” என்று பிஸ்கட்டை மென்றுகொண்டே சொன்னான்.

பட்டாணி டாக்ஸிக்குள் எட்டி அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்.

“இன்னிக்குப் புதுசு வருதுல்ல?”

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.  டியூட்டிக்கு, தமாஷ் என்று நினைத்து எழுதிய தாளை அப்போதே வாயில் போட்டு விழுங்கிவிடலாம் போல் இருந்தது.

“என்னை எப்போ திரும்ப எடுத்துப்பே? இந்த இடம் காலியா இருக்கு.”

“சீக்கிரமே வந்துடுவேன்டா. இதோ, வந்துட்டே இருப்பேன்.”

“அது நீ போன்ல பொய் சொல்றது,” என்றாள் பட்டாணி.

அதுவும் உண்மைதான். வண்டி ஏன் வரவில்லை என்று பயணிகள் போன் செய்தால், வண்டி ஷெட்டை விட்டே நகர்ந்திருக்காது, இவன் ‘இதோ வந்துட்டே இருக்கு’ என்பான். மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தவளுக்கு இரண்டுமே தெரிந்தன. அவள் கீழே உட்கார்ந்து கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

“என்னங்க ஆச்சு?” என்று டாக்ஸிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஒண்ணுமில்லை!”

“ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு மூஞ்சி அப்படித் தொங்குது? எல்லாரும் ஏறுங்க, பஞ்சாயத்தை ஆஸ்பத்திரியில வெச்சுக்கலாம். எனக்கு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது.”

அம்மாவின் குரலுக்கு மட்டும் பட்டாணி கம்பியை விட்டாள். டாக்ஸியில் அம்மா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். மச்சான் வேனில் பின்னாலேயே வந்தார்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், பிரசவ அறைகளுக்குப் போகிற கதவுக்கு வெளியே ஒரு கூடம். ஒன்றோடொன்று பூட்டிய இரும்பு நாற்காலிகள், அதில் ஒன்றுக்கு முதுகு இல்லை. சுவரில் சத்தம் அணைத்த டிவியில் யாரோ எதையோ கிளறிக்கொண்டிருந்தார்கள். கதவில், குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பட்டாணி அதையும் படித்தாள். மனைவியைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுவதற்கு முன் அவள் திரும்பிப் பார்த்தாள்.

“அவளைச் சரி பண்ணிட்டு வாங்க. ஆனா வாங்க.”

பட்டாணி கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மச்சான் தன்னால் முடிந்ததைச் செய்தார். “பேக்கரிக்குப் போலாமா? ஃப்ரிட்ஜுக்குள்ள உக்கார வெக்கிறேன்” என்றார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது.  டியூட்டி முதலில் பொம்மை என்றான். அப்புறம் சைக்கிள் என்றான். சைக்கிளுக்கு மணி உண்டு என்றான். சுவர்கூடக் கொஞ்சம் இளகியிருக்கும், அவள் இளகவில்லை.

நர்ஸ் கதவைத் திறந்து ஒரு பச்சை அங்கியை அவன் கையில் கொடுத்தார். “ரெண்டாவது குழந்தை, சீக்கிரமே ஆயிடும் சார். வரதுன்னா இப்பவே வாங்க.”

“இதோ வந்துட்டே...” என்று ஆரம்பித்தவன் மகளின் முதுகைப் பார்த்தான். அது விறைத்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டான்.

போகலாம். யாரும் செத்துவிட மாட்டார்கள். மச்சான் தூக்கி வைத்துக்கொள்வார், அவள் அரை மணி நேரம் அழுவாள், அப்புறம் தூங்கிவிடுவாள். ஆனால் தன்னை ஓரங்கட்டிவிட்டுப் புதுசைப் பார்க்கப் போன அப்பாவை அவள் மறக்கமாட்டாள். போகாவிட்டால் உள்ளே இருக்கிறவள் மறக்கமாட்டாள். எந்த ஷிப்டுக்கும் ஆள் போடத் தெரிந்தவனுக்கு இந்த ஒரு இடத்துக்குப் போட மாற்று ஆள் இல்லை. இரண்டு பக்கமும் அவனேதான் நிற்க வேண்டும். பயந்துபோனான். அங்கியை மடியில் சுருட்டிக்கொண்டு மகளின் காலடியில் தரையில் உட்கார்ந்தான்.

“எப்போ திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியாதுடா.”

பட்டாணி மெல்லத் திரும்பினாள். நேரம் பற்றிய விஷயத்தில் அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

“உனக்கே தெரியாதா?”

“தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. அது எப்ப வருதோ அப்பதான்.”

“நான் வந்தப்போ?”

இங்கேயாவது அவன் நழுவியிருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சொன்ன பொய்களே போதும் என்று இருந்தது.

“நீ வந்தப்போ நான் இல்லைடா.”

“எங்க போனே?”

“டிப்போல இருந்தேன். ஒரு வண்டிக்கு டிரைவர் இல்லை. ஆள் தேடிட்டு இருந்தேன்.”

“ஒரு வண்டிக்காகவா?”

“ஆமா.”

“அந்த வண்டி போச்சா?”

“இல்லை. கடைசியில அதுவும் போகலை.”

மச்சான் அவசரமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். பட்டாணியின் கீழுதடு பிதுங்கியது. போச்சு, இப்போது அழப்போகிறாள் என்று டியூட்டி காத்திருந்தான்.

“நான் அழுதேனா?”

“நல்லா அழுதியாம்.”

“யாரு என்னைப் பாத்தா?”

“அம்மா பாத்தா. நர்ஸு பாத்தாங்க. நான் சாயங்காலம்தான் வந்தேன். நீ தூங்கிட்டே.” அவன் மடியில் இருந்த அங்கியைப் பிரித்து மறுபடி சுருட்டினான். “நான் பண்ணினதிலேயே பெரிய தப்பு அதுதான். உன் மேல எழுதினது எல்லாம் சும்மா. என் மேல இந்தக் குறை நிஜம்.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மடியில் இருந்த பச்சை அங்கியைப் பார்த்தாள். அப்புறம் அந்த மூடிய கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ இது வரும்போதும் நீ இருக்க மாட்டியா?”

 பட்டாணி நாற்காலியிலிருந்து இறங்கி, இரண்டு கையாலும் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

“போ.”

“என்னடா?”

“போப்பா, சீக்கிரம் போ. அது பாவம்.”

“நீ?”

“நான் மாமாவோட இருக்கேன். எனக்குத்தான் ஆறு வயசு ஆயிடுச்சே.”

டியூட்டி எழுந்தான். அங்கியை முன்பின்னாக மாட்டிக்கொண்டு ஓடினான். நர்ஸ் வாசலிலேயே பிடித்து நிறுத்தி, கழற்றி, திருப்பி மாட்டிவிட்டு, கை கழுவவைத்து உள்ளே தள்ளினார்.

மனைவியின் தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. அவனைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “அவ எங்க? அழறாளா?”

“இல்லை. அண்ணன்கூட இருக்கா. அவதான் என்னைப் போகச் சொன்னா.”

“என்ன வாங்கித் தரேன்னு சொன்னீங்க?”

“ஒண்ணும் இல்லை. அவ பொறந்தப்போ நான் வரலைன்னு சொன்னேன்.”

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்குச் சொன்ன அந்தக் கதையை மகளிடம் மட்டும் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அது பட்டாணி காதில் விழாமல் ஆறு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

“அதையா போய்ச் சொன்னீங்க? அதுக்கு என்ன சொன்னா?”

“‘அது பாவம், போ’ன்னு சொன்னா.”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வலி வந்துவிட்டது. எட்டி அவன் கையைப் பிடித்து நெரித்தாள். விரல் எலும்பு நொறுங்குகிற மாதிரி இருந்தது. ஆனால் அவன் அழுதது அதற்காக இல்லை. தனக்குக் கிடைக்காததை, இன்னும் முகம்கூடத் தெரியாத ஒன்றுக்குக் கிடைக்கட்டும் என்று அந்த வாண்டு அனுப்பியிருக்கிறாள். அவன் வெட்கமில்லாமல் விசும்பினான்.

“சார், குழந்தைதான் முதல்ல அழணும்,” என்றார் நர்ஸ்.

“கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒழுங்காப் பாருங்க,” என்றாள் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு. “வெளிய போனதும் அவ ஒண்ணு விடாம கேப்பா.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான்.